சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, நான் இல்ல

அன்புள்ள அண்ணா,

52 வயசு, சுகர் வந்து 14 வருஷம், இன்சுலின் நாலு வருஷமா. போன மாசம் ஹெச்பிஏ1சி 6.8, டாக்டர் 'சூப்பர், அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க'ன்னு அனுப்பிட்டார். ஆனா ராத்திரி சுகர் ரொம்ப எறங்கி லோ ஆயிடுமோன்னு பயந்து ரெண்டு தடவை எழுந்து குத்திப் பாக்குறேன், மூணு தடவை வேர்த்துக் கொட்டி கை நடுங்கி முழிச்சிருக்கேன். சாப்பிட உக்காந்தா எல்லார் கண்ணும் என் தட்டுலதான். சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, நான் இல்ல. நல்ல ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு புலம்புறது தப்பா?

அன்புள்ள தம்பிக்கு,

தப்பே இல்ல. ரிப்போர்ட் நல்லா வந்த அன்னிக்கு வர்ற அழுகையை யார்கிட்டயும் சொல்ல முடியாது, 'அதான் நார்மலா இருக்கே'ம்பாங்க. எனக்கு 19 வருஷமா இருக்கு, எனக்குத் தெரியும்.

மொதல்ல அந்த 6.8. அது கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரி, அவ்ளோதான், பகல்ல 220 ராத்திரி 55ன்னு ஏறி எறங்கினாலும் சராசரி அழகாத்தான் வரும். அந்த மூணு ராத்திரியை டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொன்னதா நீங்க எழுதல. மீட்டரையே எடுத்துட்டுப் போங்க, 70க்கு கீழ போனது ஒண்ணு விடாம அவருக்குத் தெரியணும், டோஸை மாத்தணுமா நேரத்தை மாத்தணுமான்னு அவர் பாத்துச் சொல்லட்டும், நீங்களா மாத்திடாதீங்க. 1993ல டிசிசிடின்னு ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்துச்சு, டைப் 1, அதாவது உடம்புல இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்காத வகை சுகர் இருக்கிற 1,441 பேர். சுகரை இறுக்கிப் பிடிச்சவங்களுக்கு கண்ல புதுசா பாதிப்பு வர்ற அபாயம் 76 சதவீதம் குறைஞ்சுது, ஆனா அடுத்தவங்க உதவி இல்லாம மீள முடியாத அளவுக்கு லோ ஆகுறது மூணு மடங்காச்சு. உங்களோடது எந்த டைப்னு நீங்க எழுதல, ஆனா இன்சுலின் போடுற யாருக்கும் இது பொருந்துற கவலைதான். அதனாலதான் டார்கெட்டை ஆளுக்கு ஏத்த மாதிரி வைக்கணும்ங்கிறாங்க, அடிக்கடி லோ ஆகுறவங்களுக்கு கொஞ்சம் தளர்த்துவாங்க. 'எனக்கு எவ்ளோ இருந்தா போதும்'னு வாய்விட்டுக் கேளுங்க.

அடுத்தது, 'நான் கன்ட்ரோல்ல இல்ல'ன்னு எழுதினீங்களே, அந்த அலுப்பு. அதுக்கு டயாபடிஸ் டிஸ்ட்ரெஸ்னு பேரே இருக்கு. டிப்ரெஷனும் இதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இதை அளக்க 1995லயே 20 கேள்வி வெச்சு ஒரு படிவம் கொண்டு வந்தாங்க, சாப்பாட்டு விஷயத்துல ஏங்குறீங்களா, லோ ஆயிடும்னு பயமா, தனியா தவிக்கிறீங்களான்னு கேக்கும். நீங்க எழுதினது கிட்டத்தட்ட அதேதான். லீவே இல்லாத வேலை தம்பி இது, ஒரு காலத்துல நான் நோட்டுல ரீடிங்கைக் குறைச்சு எழுதியிருக்கேன், யார் திட்டுவாங்கன்னு பயந்தேன்னு இன்னும் தெரியல. தூக்கமும் மனசும் ரொம்ப கெட்டுப் போச்சுன்னா அதையும் டாக்டர்கிட்ட வியாதியாவே சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

வீட்ல இருக்கிறவங்க பாசத்துலதான் பாக்குறாங்க, ஆனா கண்காணிப்பு பாரம்தான். தட்டைப் பாக்குறதுக்குப் பதிலா அவங்களுக்கு வேற பொறுப்பு குடுங்க. லோ ஆனா 15 கிராம் குளுக்கோஸ் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும், நினைவில்லைன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடணும். இதை இன்னைக்கே உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுங்க, ராத்திரி நீங்க தனியா முழிச்சுக் காவல் காக்க வேண்டாம்.