அப்பா சாவைப் பற்றிக் கதைத்தால் தடுக்கலாமா?

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 71 வயது, ஈரலில் புற்றுநோய். இனி மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார், அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது போல. "என்னை அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைங்க" என்று தொடங்கினாலே அண்ணா, "விசுவாசம் இல்லாத கதை கதைக்காதீங்க, ஜெபத்தில் சுகம் வரும்" என்று நிறுத்திவிடுகிறார். எனக்கும் சாவு என்றாலே பயம். பூசைக்குத் தவறாமல் போகிற நான் இப்படிப் பயப்படுவது பாவமா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பயம் பாவமில்லை தங்கச்சி. செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பத்தான் போகிறார் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். தன் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் வியர்வை இரத்தத் துளிகள்போல விழும் அளவுக்குக் கலங்கினார், கூட இருந்து விழித்திருங்கள் என்று மூன்று சிநேகிதரைக் கேட்டார், அவர்களோ தூங்கிவிட்டார்கள். உங்கள் அண்ணா செய்வதும் ஒருவகைத் தூக்கம்தான், கோபிக்க வேண்டாம், அவருக்கும் பயம்.

ஒன்று கேட்கிறேன், வீட்டில் இரவில் ஜெபமாலை சொல்கிறீர்கள்தானே? ஒவ்வொரு அருள் நிறைந்த மரியிலும் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று வருகிறதே, ஒரு மாலைக்கு 53 தடவை, அதையும் அண்ணாவே அப்பாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று சொல்கிறார். விபூதிப் புதனில் மண்ணுக்குத் திரும்புவாய் என்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறோம். பிறகு அப்பா அதையே தன் வாயால் சொன்னால் மட்டும் விசுவாசக் குறைவா?

என் அம்மா கடைசி மாதத்தில் ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுக்கான பிளவுஸ் இறுக்கம், பக்கத் தையலைப் பிரிச்சு விடு" என்றா. நான் அழுதழுது பிரித்தேன். அவ தேத்தண்ணீர் குடித்தபடி, நூல் விட்டுப்போன இடத்தையெல்லாம் விரலால் காட்டிக்கொண்டிருந்தா. அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் நிறையக் கதைத்தோம், பழைய கடன், ஆரோடு கோபம், ஆரைக் கூப்பிட வேண்டும் எல்லாம்.

சுகத்துக்காக மன்றாடுங்கள், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே கோவிலில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, பூசைக்கு வந்த சனம் குண்டுவெடிப்பில் செத்துப்போனதைப் பார்த்த ஊர் இது. ஜெபித்தால் சாவு வராது என்று கொழும்பில் ஆருக்குச் சொல்வது?

அப்புறம், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலுக்கு ஃபாதரைக் கூப்பிடத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஆட்கள் அவஸ்தைப்பூசுதல் என்றே சொல்லிப் பழகியதால், ஃபாதர் படியேறினாலே முடிந்தது கதை என்று நினைக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது சாகும் நிமிடத்துக்கு மட்டுமானதல்ல என்று தெளிவாகவே சொல்லியாயிற்று, நோய் கூடினால் திரும்பவும் பெறலாம். அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே வந்தால் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நற்கருணை வாங்கலாம், ஃபாதரிடம் மனம்விட்டும் கதைக்கலாம். அடுத்த தடவை அவர் அம்மாவின் குழியைப் பற்றித் தொடங்கினால் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, "சொல்லுங்க அப்பா" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: மாமா தன்னைக் கனத்தை மயானத்தில் எரித்துச் சாம்பலைக் கடலில் போடச் சொல்கிறார். கத்தோலிக்கருக்கு அது சரியா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: எரிக்கலாம், 1963 முதல் திருச்சபை அனுமதிக்கிறது. கடலில் தூவத்தான் கூடாது. 2016இல் வத்திக்கான் அதைத் தெளிவாக எழுதியது, வீட்டு அலுமாரியில் வைப்பதும் சரியில்லை, சேமக்காலையிலோ கோவில் ஒதுக்கிய இடத்திலோ வைக்க வேண்டும். மாமாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை, செத்த வீட்டில் நின்று சொந்தக்காரர் சண்டை பிடிப்பதைவிட அது மேல். கடல்தான் ஆசை என்றால் இன்றைக்குப் பின்னேரமே கூட்டிக்கொண்டு போங்கள், உங்களுக்கென்ன, தண்டவாளத்தைக் கடந்தால் கடல்தானே.