கிளி ஆணோ பெண்ணோ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கட சனசமூக நிலையத்தில கிளித்தட்டு (நிலத்தில கோடு கீறி, ஒரு அணி மறிக்க மற்ற அணி தொடுபடாமல் கடக்கிற விளையாட்டு) வைக்கிறம், இந்தமுறை பெடியளும் பெட்டையளும் கலந்து ஒரே அணியில. விதிமுறை எழுதி ஒட்டுற வேலை எனக்கு. பழைய தாள் ஒண்டு கிடந்தது, "கோட்டை மிதித்தவன் ஆட்டமிழப்பான்", "அவன் தனது தட்டை விட்டு விலகினால் தவறு" எண்டு முழுக்க அவன்தான். பத்து வயசுத் தங்கச்சி வாசிச்சுப்போட்டு "அப்ப நாங்கள் மறிக்கேலாதோ?" எண்டு கேட்டவள். செயலாளர் அண்ணை சொல்லுறார், அவன் எண்டா எல்லாரும் அதுக்குள்ள அடங்கும்தானே எண்டு. எல்லா இடத்திலயும் அவன்/அவள் போட்டா தாள் காணாது. என்ன செய்ய?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சின்னவள் கேட்டது சரியான கேள்வி பிள்ளை. தாளில என்ன கிடந்ததோ அதைத்தான் அவள் வாசிச்சிருக்கிறாள்.

அண்ணை சொல்லுற நியாயம் இங்கிலீசில சரிவரும். சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின்ர விதிகளில முன்னுக்கே ஒரு வரி இருக்கு, இதில 'ஹீ' எண்டு வாற இடமெல்லாம் 'ஷீ'யும் அடங்கும் எண்டு. அங்க அந்த ஒரு சொல்லோட அலுவல் முடிஞ்சுது, வினை மாறாது. தமிழில அப்பிடியில்லையே, "ஆட்டமிழப்பான்" எண்டு வினையின்ர வாலிலயே ஆம்பிளை நிக்கிறான், எழுவாயை வெட்டி எறிஞ்சாலும் அவன் போகமாட்டான், பிறகு அதுக்குள்ள உங்கட தங்கச்சி எப்பிடி அடங்குறது?

ஆனா வழியும் தமிழுக்குள்ளயே கிடக்கு. விளையாட்டு விதியில கனக்க வாறது என்ன? வேண்டும், கூடாது, லாம். இந்த மூண்டுக்கும் ஆண் பெண் கிடையாது. "கோட்டை மிதிக்கக்கூடாது", "மிதித்தால் வெளியேறவேண்டும்", அவ்வளவுதான், ஆர் எண்டு சொல்லவே தேவையில்லை. உங்கட பழைய தாளில "தனது தட்டை" எண்டு இருக்குதே, அந்தத் தனது ஆருக்கும் பொதுவான சொல்லு, அதை அப்பிடியே வைச்சுக்கொண்டு முன்னுக்கு நிக்கிற அவனை மட்டும் எடுத்துவிடுங்கோ: "தனது தட்டை விட்டு விலகக்கூடாது." ஆளைச் சொல்லித்தான் ஆகவேணும் எண்டா மறிப்பவர், தொடப்பட்டவர், ஒருவர். சின்னப் பிள்ளையளுக்கு 'அவர்' எண்டு போட்டா சிரிப்பினம் எண்டு நினைக்காதேங்கோ, நடுவர் எண்ட சொல்லும் 'ர்'ல தானே முடியுது, அதைப் பார்த்து ஆரும் சிரிக்கிறேல்லையே.

இது இப்ப வந்த நாகரிகம் எண்டு ஆரும் சொன்னா தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைக் காட்டுங்கோ. "பால்மயக்குற்ற ஐயக் கிளவி தானறி பொருள்வயின் பன்மை கூறல்" எண்டு இருக்கு. வாறது மனிசர் எண்டு தெரியுது ஆனா ஆணோ பெண்ணோ எண்டு தெரியேல்லை எண்டா பலர்பாலில ('அவர்', 'வந்தார்' எண்ட மாதிரி) சொல்லு எண்டதுதான் அது. எனக்கு இது பெரிய சந்தோஷம், எங்கட இலக்கணம் இதை எப்பவோ யோசிச்சு வைச்சிருக்கு.

இன்னொண்டு. வளவுக்குள்ள விளையாடேக்க நாங்கள் எப்பிடிக் கத்துவம்? "கிளி வருது, கிளி வருது!" "ஆள் அவுட்!" "பழம் இறங்குது!" கிளி, ஆள், பழம் (கடைசித் தட்டுவரை கடந்து திரும்பிறவர்), காய் (இன்னும் கடக்காதவர்), ஒண்டில கூட ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. நடுக்கோட்டால ஓடுறது அக்காவோ தம்பியோ, அது கிளிதான். வாயில இல்லாத அவன் தாளில எழுதேக்க மட்டும் வந்து குந்துறான். ஆகவே "கிளி நடுக்கோட்டிலும் ஓடலாம், மறிப்பவர்கள் தத்தமது தட்டிலேயே நிற்கவேண்டும்" எண்டு எழுதுங்கோ. எழுதி முடிஞ்சதும் சின்னவளிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ, அவள் எங்கயாவது நிண்டு கேட்டா அந்த வரியைத் திருத்துங்கோ. கயிறிழுத்தல் மாதிரி ஆண்கள் பிரிவு பெண்கள் பிரிவு எண்டு வேறயா வைக்கிறதுக்கு அந்தப் பேரையே போடுங்கோ, அதை ஒளிக்கத் தேவையில்லை.

கேள்வி: கிரிக்கெட்டில பேட்ஸ்மன் எண்டதை மாத்தினது உண்மையோ? எங்கட பெண்கள் அணி மட்சுக்குத் தமிழில என்ன போடலாம்?
– வாசகர், மல்லாவி

பதில்: ஓம், 2021 செப்டம்பரில, கிரிக்கெட் விதிகளை எழுதுற லண்டன் கழகமான எம்சிசி தன்ர விதிகளில 'பேட்டர்' எண்டு மாத்தினது. பௌலர், ஃபீல்டர் முதலே பொதுவாத்தான் இருந்தது. தமிழிலயும் பந்துவீச்சாளர், களத்தடுப்பாளர் எண்டதில பிரச்சினை இல்லை. துடுப்பாட்ட வீரர்தான் சிக்கல், இலக்கணத்தில 'வீரர்' பொதுதான், ஆனா பக்கத்தில வீராங்கனை எண்டு ஒண்டு வந்த பிறகு அது ஆம்பிளைச் சொல்லாப் போச்சு. துடுப்பாட்டக்காரர் எண்டு போடுங்கோ. அதோட கேடயம் வெட்டக் குடுக்கமுதல் ஒருக்கா பாருங்கோ, 'ஆட்ட நாயகன்' எண்டு வெட்டினா பேந்து அழிக்கேலாது, 'சிறந்த ஆட்டக்காரர்' எண்டு இப்பவே சொல்லிவிடுங்கோ.