ஆங்கிலத்தில் லிஃப்ட், ரெய்ஸ், ஹாய்ஸ்ட், ஹீவ், எலிவேட் எல்லாமே ‘தூக்கு’தானே? எதற்கு ஐந்து சொல்?

வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பதாகவும், இந்தச் சொற்களில்தான் மதிப்பெண் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். இந்த ஐந்தில் இரண்டை நான் மாற்றிச் சொன்னதால் ஒருவருடைய கால் உடைந்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சிங்கப்பூரில் ஒன்பது வருடம் ரிக்கராகவும் சிக்னல்மேனாகவும் இருந்தேன். அதாவது பாரத்துக்கு வார் போட்டுக் கட்டுவது, கிரேன் ஓட்டுநருக்கு எப்படி நகர்த்த வேண்டும் என்று சொல்வது. இலக்கணம் தெரிந்தவர்கள் வந்து திருத்தலாம், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வேலைத் தளத்தில் இந்தச் சொற்கள் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

1998. சங்கிலிப் பட்டையில் நகரும் க்ராலர் கிரேனை வைத்து, முன்பே வார்த்துக் கொண்டுவந்த ப்ரீகாஸ்ட் கான்கிரீட் சுவர்ப் பலகைகளை எடுத்துக் கட்டடத்தில் பொருத்திக்கொண்டிருந்தோம். ஒரு பலகை மூன்று டன் இருக்கும். அன்றைக்குப் பலகை தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தேவகோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் அது சுற்றாமல் இருக்க வழிகயிற்றைப் பிடித்துக்கொண்டு கிரேன் பக்கமாக நின்றார். அவருக்குப் பின்னால் அடுக்கி வைத்த பலகைகள். ஓட்டுநர் இடத்திலிருந்து என்னைப் பார்க்க முடியாது, நடுவில் மறைப்பு. அதனால் கைச்சைகை இல்லை, வாக்கிடாக்கிதான். பலகையை நேராக மேலே எடுக்க வேண்டும். நான் சொன்னது: “ரெய்ஸ், ரெய்ஸ்.”

ஓட்டுநர் மலேசியச் சீனர், அனுபவசாலி. நான் சொன்னதைத்தான் செய்தார், கிரேனின் நீண்ட கையான பூமை உயர்த்தினார்.

கிரேனில் பாரம் மேலே போக இரண்டு வழி இருக்கிறது. ட்ரம் சுற்றி வடத்தை இழுத்தால் கொக்கி நேர் செங்குத்தாக ஏறும். அது ஹாய்ஸ்ட். பூமை நிமிர்த்தினாலும் கொக்கி மேலே போகும், ஆனால் கூடவே கிரேனை நோக்கி உள்ளே வரும். அது ரெய்ஸ் பூம். சைகையிலும் இரண்டும் வேறு: ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டால் ஹாய்ஸ்ட், கையைப் பக்கவாட்டில் நீட்டிக் கட்டை விரலை மேலே காட்டினால் ரெய்ஸ் பூம். கையால் காட்டியிருந்தால் எனக்குத் தப்பியிருக்காது, பயிற்சியில் அத்தனை முறை செய்திருந்தேன். வாயால் சொல்லும்போது பள்ளிக்கூட நோட்டிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. அந்த நோட்டில் ஐந்து சொல்லுக்கும் நேராக ‘தூக்கு’ என்றுதான் எழுதியிருந்தேன்.

பலகை உள்பக்கமாக வந்தது. அண்ணன் ஒதுங்கப் பார்த்தார், பின்னால் இடமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

விசாரணையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீ என்ன வார்த்தை சொன்னாய்? ஓட்டுநர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் சிக்னல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த மூன்று மாதமும் எனக்கு அப்பாவின் நினைப்புதான். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் மராமத்து பார்த்தவர் அவர். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி நிற்கும் பர்மா தேக்குத் தூண்களில் சிலவற்றுக்கு மழைச் சாரல் பட்டுப் பட்டு அடிப்பக்கம் உளுத்துப்போகும். அதை மாற்றுவது பெரிய வேலை. உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து ஜாக்கி வைப்பார். அப்போது யாரும் ‘தூக்கு’ என்று சொல்லக் கூடாது, ‘கிளப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். உத்திரத்துக்கும், தூணின் தலையில் அதைத் தாங்கும் போதிகைக்கும் நடுவில் ஒரு தாள் நுழைந்தால் போதும், பாரம் தூணை விட்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விடும், மேலே ஓடு நகரும். தூண் கழன்று தரைக்கு வந்த பிறகுதான் ‘தூக்கு’. எட்டுப் பேர் தோள் கொடுத்தால் அலாக்காக வெளியே போகும். அடிப்பக்கம் புது மரம் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்து கருங்கல் பீடத்தில் ஏற்றும்போது ‘நிறுத்து’. ஒரு முனை பீடத்தில் இருக்கும், மறு முனை மட்டும் எழும். “ஆச்சி, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருங்க, தூண் நிறுத்தப் போறோம்” என்று வீட்டுக்கார ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். கிளப்பு, தூக்கு, நிறுத்து. ஒரே தூண், ஒரே நாள், மூன்று சொல். தமிழில் இவ்வளவு கணக்காகப் பேசிய வீட்டில் பிறந்துவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன்.

அப்பாவின் கணக்கை வைத்தே பார்த்தால் உங்கள் ஐந்து சொல்லும் பிரிந்துவிடும்.

லிஃப்ட் என்றால் பொருள் இருந்த இடத்தை விட்டு முழுசாகக் கிளம்ப வேண்டும், கனம் எல்லாம் தூக்குகிறவர் மேல் வர வேண்டும். பழைய நார்ஸ் மொழியில் காற்றுக்கு உள்ள சொல்லோடு உறவுடையது அது, அந்தரத்தில் எடுப்பது. எட்டுப் பேர் தோளில் போனது லிஃப்ட்.

ரெய்ஸ் என்றால் உயரத்தைக் கூட்டுவது. முழுசாகத் தரையை விட வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு முனை ஊன்றியபடியே இருக்கலாம். தூணை நிறுத்துவது ரெய்ஸ், பூமை நிமிர்த்துவதும் அதே. அமெரிக்கக் கிராமங்களில் அக்கம்பக்கத்தார் கூடி மரச்சட்டங்களை நிமிர்த்திக் களஞ்சியம் கட்டுவதற்கும் ரெய்ஸிங் என்றுதான் பெயர். ரைஸ், ரெய்ஸ் இரண்டும் நம் உயர், உயர்த்து மாதிரி தன்வினை பிறவினை ஜோடி. இதைப் பிடித்துக்கொண்டால் சம்பளம், குரல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் ரெய்ஸ் ஏன் வருகிறது என்று தானாகப் புரியும்.

ஹாய்ஸ்ட்டில் கயிறோ சங்கிலியோ நடுவில் இருக்கும். கப்பல்காரர்கள் பாய் ஏற்றிய சொல். கிணற்றில் கப்பி போட்டு வாளி சேந்துவது, பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழாவுக்குக் கொடியேற்றுவது, இரண்டும் இதில் வரும். சுதந்திர தினத்தில் கொடியைக் கீழேயிருந்து ஏற்றுகிறார்கள், அது ஹாய்ஸ்ட். குடியரசு தினத்தில் கொடி முன்பே உச்சியில் கட்டியிருக்கும், அவிழ்த்து விரிப்பார்கள், ஆகவே அது ஹாய்ஸ்ட் ஆகாது. இதை நினைவில் வையுங்கள்.

ஹீவ், ஹெவி இரண்டுக்கும் வேர் ஒன்று. மூச்சைப் பிடித்து, உடம்பு முழுக்கக் கொடுத்துச் செய்வது. ஐலசா போட்டு இழுப்பது, நெல் மூட்டையை எக்கி வண்டியில் தள்ளுவது. மேல்நோக்கித்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை, பக்கவாட்டில் வீசினாலும் ஹீவ்தான்.

‘கையை லிஃப்ட் என்றும் சொல்கிறார்கள், ரெய்ஸ் என்றும் சொல்கிறார்களே’ என்று யாராவது வருவார்கள். வரட்டும். பேச்சில் இரண்டும் கலந்து வருவது எனக்கும் தெரியும். வகுப்பில் கேள்வி கேட்க உயர்த்தினால் ரெய்ஸ், மேசையில் கிடந்த கையை எடுத்தால் லிஃப்ட் என்பதுதான் பழக்கமான போக்கு. மாறி வரும் இடம் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடாது.

ரெய்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. பெரிய வீடுகளுக்குக் கவலையில்லை, அந்தக் காலத்திலேயே படி ஏறிப் போகும்படி மேடை உயர்த்திக் கட்டியவை. எங்களைப் போன்றவர்களின் வீடு இப்போது தெருவை விடத் தாழ்ந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு அம்மா வாசலில் மண்மூட்டை அடுக்குகிறார். வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்தித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கிற பணத்துக்கு நான் இன்னொரு ஒன்பது வருடம் சிங்கப்பூர் போக வேண்டும். ரோட்டைச் சுரண்டிப் போட்டிருந்தால் யார் வீட்டையும் யாரும் தூக்க வேண்டியதில்லை.

சரி, எலிவேட் பாக்கி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சிங்கப்பூர் மருத்துவமனை நர்ஸ். கட்டுப் போட்ட காலை எலிவேட் செய்து வைக்கச் சொன்னார். நான் அண்ணன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். அவர் வந்து இரண்டு தலையணையை அடியில் கொடுத்து, நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வைத்துவிட்டு, இப்படியே இருக்க வேண்டும் என்றார். தூக்குகிற செயலை விட, உயரத்தில் இருக்கிற நிலைதான் அங்கே முக்கியம்.

அண்ணன் இன்று வரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். “வா தம்பி” என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, பேச்சு வாக்கில் முக்காலியை இழுத்து அந்தக் காலை அதன் மேல் வைத்துக்கொண்டார்.