56 பந்துகள்

அன்புள்ள அண்ணா,

விருதுநகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். இந்த 2025 சீசன் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. 14 ஆட்டங்களில் 4 வெற்றி, பட்டியலில் கடைசி இடம்.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஏப்ரல் 5-ஆம் தேதி டெல்லியிடம் தோற்ற அன்று அதில் சண்டை ஆரம்பித்தது. தோல்விக்கு முழுக் காரணம் மெதுவாக ஆடிய விஜய் சங்கர்தான் என்று நான் எழுதினேன். "அப்போ தோனி என்ன பண்ணினார்?" என்று என் நெருங்கிய நண்பன் கேட்டான். வார்த்தை தடித்தது. நான் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். இன்றுவரை அவனோடு பேச்சில்லை.

இந்த அணி மீண்டு வருமா? தோனி 2023 கோப்பையோடு விலகியிருக்க வேண்டுமா? எவனோ லாபம் பார்க்க நடத்தும் அணிக்காக நீ ஏன் சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று அப்பா திட்டுகிறார். அவர் சொல்வது சரியா?

கா.,
விருதுநகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் விஜய் சங்கரைப் பற்றி ஒரு சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கிற ஒரு நாளில், பத்துப் பேர் முன்னால் உங்கள் மேலாளர் அந்தச் சொல்லை உங்களைப் பார்த்துச் சொன்னால், மறுநாள் அந்தப் படியை மிதிப்பீர்களா? படித்த பிள்ளை நீங்கள். எழுத்துப் பிழையில்லாமல் அவ்வளவு அழகாக எழுதிய கடிதத்தில் அது எப்படி வந்து உட்கார்ந்தது?

அணி மீண்டு வரும். 2020-இல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த சென்னை, 2021-இல் கோப்பையை வாங்கியது. மும்பை 2022-இலும் கடைசி, 2024-இலும் கடைசி. இந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு ஒரு ஆட்டம் பாக்கி என்கிற இடம்வரை வந்துவிட்டார்கள். பெங்களூரு ரசிகர்கள் 2008-இலிருந்து காத்திருந்து இந்த ஜூனில்தான் கோப்பையைக் கண்ணால் பார்த்தார்கள். நமக்கு ஒரு வருடம் சரியில்லை, அவ்வளவுதான். ஆயுஷ் மாத்ரேயும் பிரேவிஸும் சீசன் பாதியில் வந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? தோனி எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதருக்கு நாம் நாள் குறித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் டெல்லி ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

டெல்லி 183 எடுத்தது, அதில் ராகுல் மட்டும் 77. சென்னை ஆட வந்ததும் ரச்சின் போனார், ருதுராஜ் போனார், கான்வே போனார். துபேயும் ஜடேஜாவும் நிற்கவில்லை. 11-ஆவது ஓவரில் 74 ரன்னுக்கு 5 விக்கெட். அப்போது தோனி உள்ளே வருகிறார், எதிர்முனையில் விஜய் சங்கர். அன்று அவருடைய அப்பா அம்மா சேப்பாக்கத்துக்கு வந்திருந்தார்கள். இதுதான் கடைசி ஆட்டமோ என்ற வதந்தி வேறு. மைதானமே எழுந்து நின்றது. மிச்சம் 56 பந்து, வேண்டியது 110 ரன்.

20 ஓவர் முடிந்தபோது ஸ்கோர் 158. இருவருமே அவுட் இல்லை. விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பது, ஒருவருக்கு 128, இன்னொருவருக்கு 115. ஒரே ஆடுகளம், ஒரே பந்துவீச்சு. அந்த 56 பந்தில் 30 பந்து ஒருவருக்கு, 26 பந்து இன்னொருவருக்கு. இதில் ஒருவருக்கு வசவு, இன்னொருவருக்கு விசில். எந்தக் கணக்கில் இது வரும்? நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர், அதனால் கேட்கிறேன். உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாததால்தான் உங்களுக்குக் கோபம் வந்தது.

அது மெதுவான ஆட்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 5 விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு 25 ரன்னில் தோற்பது இருபது ஓவர் ஆட்டத்தில் பெரிய தப்பு. பத்து விக்கெட்டும் செலவழிக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கப் போய் 15 ரன்னில் அவுட்டாகிறவன்கூட அடுத்தவனுக்கு இடம் விட்டுப் போகிறான். இதை நன்றாகத் தெரிந்தவர்கள் அணியின் டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தைய நாள்தான் லக்னோவில் மும்பை அணி திலக் வர்மாவை ரிட்டயர்ட் அவுட் என்று, அதாவது அவுட்டாகாமலேயே அடுத்தவருக்கு இடம் விடச் சொல்லி, வெளியே அழைத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து பஞ்சாபுக்கு எதிராக இதே சென்னை, 69 ரன்னில் நின்ற கான்வேயை அப்படியே அழைத்தது. 2022-இல் நம் அஷ்வின் ராஜஸ்தானுக்காக அதைச் செய்து ஐபிஎல்லில் வழி காட்டினார். டெல்லிக்கு எதிராக அந்த முடிவை ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள். முதல் ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். 183 ஏன் விட்டோம் என்று கேளுங்கள். இன்னொன்று, டெல்லிக்காரர்கள் நன்றாகவே பந்து போட்டார்கள். நாம் தோற்றால் எதிரணி ஆடவே இல்லை என்பதுபோல் பேசுகிறோம். குல்தீப்பும் விப்ராஜ் நிகமும் சும்மாவா வந்து போனார்கள்?

விஜய் சங்கருக்கு இது புதிதும் இல்லை. 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். சர்வதேசப் போட்டியில் அவர் பேட் பிடித்த முதல் நாள். 18-ஆவது ஓவரில் வங்கதேசத்தின் முஸ்தாபிசுர் வேகம் குறைத்துப் போட்ட கட்டர் பந்துகள் பேட்டில் படவே இல்லை. வரிசையாக நான்கு டாட் பால். பிறகு தினேஷ் கார்த்திக் வந்து 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர். இந்தியா ஜெயித்தது! ஜெயித்த அன்றே ஒரு கூட்டம் விஜய் சங்கரைக் கிழித்துத் தொங்கவிட்டது. கிரீஸில் நின்ற இரண்டு பேரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கொண்டாடிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம், நம்மால் முடியவில்லை. அடுத்த ஆண்டு நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் கடைசி ஓவரில் 11 ரன்னைக் காப்பாற்ற வேண்டும். பந்து அவரிடம் வந்தது. மூன்று பந்தில் இரண்டு விக்கெட் எடுத்து ஆட்டத்தையே முடித்தார். உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்?

சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு லீக் அணிக்கு நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். நீளமான ஸ்கோர் புத்தகம், பென்சில், ரப்பர். எதிரணி ஸ்கோரரும் நானும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். நடுவர் சைகை காட்டினால் கையைத் தூக்கி, பார்த்துவிட்டோம் என்று காட்ட வேண்டும். ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி. ஒரு ஓவரில் ஆறும் புள்ளியாகவே வந்தால் அவற்றைக் கோடிழுத்து இணைத்து எம் எழுத்தாக்குவோம், மெய்டன் என்று அர்த்தம். அந்தப் புத்தகத்தில் யாருடைய முகமும் தெரியாது. புள்ளியும் எண்ணும்தான்.

அந்த அணியில் அரக்கோணத்திலிருந்து முதல் ரயிலில் கிட் பையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு பையன் இருந்தான். அமைதியானவன். ஒரு சேஸில் முப்பது பந்துக்கு மேல் நின்று 11 ரன்தான் எடுத்தான். சொற்ப ரன்னில் தோற்றோம். மரத்தடியில் வைத்து மூத்த ஆட்டக்காரர்கள் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். நாங்கள் விட்டுக்கொடுத்த உதிரி ரன்களே அவன் எடுத்த ரன்னைவிட அதிகம். பெரும்பாலும் வைடு, அதிலும் பாதி கேப்டன் போட்டது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அந்தப் பையன் இரண்டு பேடையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, பைக்குள் திணித்து, ஜிப்பைப் போட்டான். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பிறகும் வரவில்லை. ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறான் என்றார்கள். நல்ல கவர் டிரைவ் அவனுக்கு. அந்த ஷாட்டை இன்றும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியும்.

அது நூறு பேர்கூட இல்லாத மைதானம். இப்போது கையில் போனோடு லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். இருபது ஓவரில் ஒரு அணிக்கு 120 பந்து. எல்லாம் சட்டென்று நடந்து முடிந்துவிடுவதால் நமக்கு உடனே ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அந்த முகத்தையும் நாம் நேர்மையாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பிடித்தவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பிடிக்கிறோம். 2023-இல் தோனி ஆட வரவேண்டும் என்பதற்காக ஜடேஜாவின் விக்கெட் விழுந்ததற்குச் சேப்பாக்கம் கைதட்டியது. நான் அவுட்டாக வேண்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று அவரே மைக்கில் சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்த வீட்டில் அவுட்டாக வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட அதே மனிதர்தான் அந்த சீசன் இறுதி ஆட்டத்தில், அகமதாபாத்தில், நள்ளிரவு தாண்டி, மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து உங்களுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

அதே 2023 சீசனில் ரிங்கு சிங்கிடம் ஐந்து சிக்ஸர் வாங்கிய யஷ் தயாளின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் எத்தனை பேர். 2024 மே 18, பெங்களூருவில், பிளே-ஆஃபுக்குள் போக நமக்குக் கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தில் தோனி சிக்ஸர். அடுத்த பந்தில் அவரை அவுட்டாக்கி நம்மை வீட்டுக்கு அனுப்பியவர் அதே யஷ் தயாள். ஒரு ஓவரை வைத்து ஒருவனுக்குத் தீர்ப்பெழுதாதீர்கள் என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அப்பா சொல்வதில் பாதி சரி. லாபத்துக்குத்தான் நடத்துகிறார்கள். ஆனால் இரண்டு வருடத் தடை முடிந்து 2018-இல் அணி திரும்பி வந்தபோது, காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. தனி ரயில் பிடித்து மஞ்சள் சட்டையோடு ரசிகர்கள் பின்னாலேயே போனார்கள். எவனுடைய லாபத்துக்காகவும் அவர்கள் போகவில்லை. அந்த அன்பு உங்களிடமும் இருக்கிறது, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சாப்பிடாமல் மட்டும் கிடக்காதீர்கள், அதில் அப்பா பக்கம்தான் நான்.

அப்புறம் அந்த நண்பர். இன்றைக்கே நீங்களே போன் போடுங்கள், அவர் போடட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்டது நியாயமான கேள்வி என்று சொல்லிவிடுங்கள். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் கார்டு இணையத்தில் பந்து பந்தாகக் கிடைக்கிறது. இரண்டு பேரும் திறந்து வைத்துக்கொண்டு முதல் ஓவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பேசிப் பாருங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதன் பிறகும் விஜய் சங்கர் மெதுவாக ஆடினார் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். எந்த ஓவரில், யார் பந்தில், எதிர்முனையில் யார் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்