ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: புது அலுவலகத்தில் வைஃபை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) கண்ணில் படக்கூடாது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வையுங்கள் என்கிறார் முதலாளி. சரிவருமா?

பதில்: வராது. மேலே ஏசி டக்ட், இரும்புக் கம்பி, கேபிள் ட்ரே என்று ஒரே உலோகக் காடு, சிக்னல் அதில் மோதித் திரும்பிவிடும், சூடு வேறு. சீலிங் மாடல்கள் குடை விரித்த மாதிரி கீழ்நோக்கிப் பரப்பத்தான் செய்யப்பட்டவை. தரையைப் பார்த்தபடி தட்டையாக மாட்டுங்கள், சுவரில் நிறுத்தினால் பாதி சிக்னல் மேல்மாடிக்குத்தான் போகும் (அவர்கள் சந்தோஷப்படுவார்கள்). சீலிங் பலகையில் திருகாதீர்கள், பலகைகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் (டி-பார்) கிளிப் போடுங்கள். கேபிள் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து 100 மீட்டரைத் தாண்டக்கூடாது, பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) ஸ்விட்ச் என்றால் மின்சாரமும் அதிலேயே வந்துவிடும். அப்புறம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுத்தடுத்த பாயின்ட்டுகளின் சிக்னல் ஒன்றோடொன்று மோதாமலிருக்க 1, 6, 11 என்று சேனலை மாற்றி வையுங்கள்.