ஒட்டுக்கேட்ட பேச்சு செல்லாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்

நியூயார்க்கில் பங்குச்சந்தை வழக்கில் மாட்டியிருக்கும் உங்கள் தம்பியின் போன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தது கோர்ட்டில் எடுபடாது என்று சிங்கப்பூர் தேக்காவில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதியின் உத்தரவு வாங்கிக் கேட்டிருந்தால் அது சாட்சியம்தான். நியூயார்க்கில் பங்குச்சந்தை வழக்கில் சிக்கிய இலங்கைத் தமிழர் ராஜ் ராஜரத்தினம் வழக்கையே பாருங்கள்: உத்தரவு கேட்ட மனுவில் முக்கிய விவரங்களை விட்டுவிட்டார்கள் என்று அவர் தரப்பு வாதாடியது, விட்டது தவறுதான் என்று நீதிபதியே சொன்னார், ஆனாலும் பதிவுகளை ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள், 2011-இல் 11 ஆண்டு சிறை, 2013-இல் அப்பீலும் தோற்றது.

அதற்காக வழியே இல்லை என்றில்லை. அந்த மனுவையும் உத்தரவையும் வக்கீல் வரிவரியாகப் படிக்கட்டும்: வேறு விதமாக விசாரிக்க முடியாது என்று காட்டினார்களா, உத்தரவுக்குரிய 30 நாள் கெடுவைத் தாண்டிக் கேட்டார்களா, சம்பந்தமில்லாத குடும்பப் பேச்சையும் விடாமல் கேட்டார்களா. ஆட்சேபணையைக் கோர்ட் விசாரணை தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். சிங்கப்பூர் வழக்குகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அங்கே போல இல்லாமல் இங்கே முறைதவறி எடுத்த சாட்சியம் என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிட மாட்டார்கள்.

அப்புறம், தம்பி சிறையில் இருந்தால் அங்கிருந்து பேசும் போனில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அந்த அழைப்புகளையும் பதிவு செய்வார்கள்.