ஆமைக்கு என்னங்க போடறது?

(வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்)

கேள்வி: மகன் கேட்டானென்று காதோரம் சிவப்புக் கோடு உள்ள ஆமைக்குட்டி ஒன்றைக் கோவையில் ஒரு மீன் கடையில் வாங்கினோம். கடையில் கொடுத்த காய்ந்த இறாலைத்தான் ஒரு வருஷமாகப் போடுகிறோம். இப்போது இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன, எதுவும் தின்பதில்லை. வேறு தீனி மாற்றலாமா? இல்லை, வாய்க்காலில் விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: அம்மணி, கண் தெரியாத ஆமை இரையைத் தேடாது. அதனால்தான் தின்பது நின்றிருக்கிறது. வெறும் காய்ந்த இறாலிலேயே வளர்கிற ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து, கண்ணைச் சுற்றிய சுரப்பிகள் வீங்கிவிடும். கிருமித் தொற்றும் அழுக்குத் தண்ணீரும்கூட இப்படிச் செய்யும் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்தோ ஊசியோ நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் தோலே உரிந்துவிடும்.

இந்த ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. அங்கே குட்டியாக இருக்கும்போது பூச்சி, தலைப்பிரட்டை, நத்தை, சின்ன மீன் என்று பெரும்பாலும் அசைவம். வளர வளர நீர்ச்செடிகள் பக்கம் திரும்பும். நத்தையை ஓட்டோடு, மீனை முள்ளோடு விழுங்குவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைத்துவிடுகிறது. டப்பா இறாலில் இந்த வகைவகையான தீனி எங்கே இருக்கிறது?

கண் திறந்த பிறகு, ஆமைக்கென்று விற்கும் நல்ல குருணைத் தீவனத்தை அடிப்படையாக வையுங்கள். ஜிலேபி மீன் குஞ்சை முழுசாகவும், மருந்து அடிக்காத மண்ணில் எடுத்த மண்புழுவையும் அவ்வப்போது போடலாம். கேரட்டையோ அரசாணிக்காயையோ துருவிப் போட்டால் வைட்டமின் ஏ-க்கு ஆகும். உங்கள் பக்கம் மாட்டுக்கு அசோலா வளர்க்காத ஊர் இருக்குமா? ஒரு கைப்பிடி வாங்கித் தொட்டியில் மிதக்க விடுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற கணவாய் ஓடு கிடைக்கும், சுண்ணாம்புச் சத்துக்கு அதில் ஒரு துண்டும் கிடக்கட்டும். பாலக்கீரை மட்டும் அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறு, பன், பால் எதுவுமே ஆகாது. குட்டிக்குத் தினமும், பெரிதான பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தீனி போதும்.

தீனியைப் போலவே வெயிலும் முக்கியம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் இருக்காது. காலை வெயிலில், பாதி நிழலும் உள்ள இடத்தில், ஆள் பக்கத்தில் இருந்து காய விடுங்கள்.

வாய்க்காலில் மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. இது பல பத்து வருஷம் வாழும். நம் குளத்து ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நியாயம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பாலாமை ஒன்று இருக்கிறது. பாவமென்று மிச்சச் சோறும் பொரியும் போடுகிறேன். சரிங்களா?
- ஒரு விவசாயி, கோபி

பதில்: உங்கள் அக்கறை புரிகிறதுங்க, ஆனால் சோறு வேண்டாம். அது புளித்துத் தண்ணீரைத்தான் கெடுக்கும். கிணற்றில் தவளை, தலைப்பிரட்டை, நத்தை, விழும் பூச்சி, செத்த மீன், பாசி எல்லாம் பாலாமைக்கு இரைதான். செத்ததைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்க அதுவும் ஒரு கை கொடுக்கிறது. வாய்க்காலும் குட்டையும் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் தின்னாமல் தாங்குகிற உயிர் அது. பிடித்துத் தொட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மேலே ஏற வழியில்லாத கிணறு, தண்ணீரும் வற்றுகிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஆமைக்குத் தரையில் வைத்தால் தின்பதில்லை, தண்ணீருக்குள் இழுத்துப் போய்த்தான் தின்கிறது. ஏன்?
- ஏழாம் வகுப்பு மாணவி, காங்கேயம்

பதில்: கண்ணு, நல்லாக் கவனித்திருக்கிறாய். நீர் ஆமைக்கு நாக்கை அவ்வளவாக அசைக்க முடியாது, எச்சிலும் குறைவு. தண்ணீருக்குள் தொண்டையை விரித்தால் தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். அதனால் தண்ணீரிலேயே போடு. அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை அள்ளி வெளியே போட்டுவிடு. அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா என்ற கிருமி நோயில்லாத ஆமையின் மேலும் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஆமையைத் தொட விடாதே.